பின்னட்டை

"புத்தகத்துக்கு எதுக்குப் பிரவுன் பேப்பர் அட்டை? நீ என்ன ரெண்டாங்கிளாஸா படிக்கறே?"

டயர் கம்பெனி மேனேஜருக்கு மாடிப்படி ஏறும்போதே கோபம். அவர் கஷ்டம் அவருக்கு.

அது பெரியவர்களுக்கான இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி வகுப்பு. ஒரு வாரம் சினிமா, ஒரு வாரம் புத்தகம். ஒருவர் தனக்குப் பிடித்த கதையைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதை வைத்து வாதாட வேண்டும். மேனேஜர் இதுவரை ஒரு புத்தகத்தையும் பிரித்துப் பார்த்ததில்லை. பின்னட்டையில் இருக்கும் நாலு வரியை மேய்ந்துவிட்டே தொண்டை வறளும்வரை பேசுவார். வகுப்பில் அவருக்கு 'வக்கீல்' என்றுதான் பெயர்.

இன்று கதை சொல்லும் முறை அவர் மனைவிக்கு. பின்னட்டையோ பிரவுன் பேப்பருக்குள்.

"லைப்ரரி புத்தகம்ங்க. அழுக்காயிடும்."

ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்ப்பவள். வீட்டில் இங்கிலீஷ் பேசிப் பழக ஆள் வேண்டும் என்று அவளையும் இங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான்.

"என்னங்க, அந்த வெளியூர் ட்ரெயினிங். நாளைக்குள்ள வர்றேனா இல்லையான்னு சொல்லியாகணும். ஆறு மாசம்தான். இதை விட்டா லேப்ல நான் கடைசிவரைக்கும் ரத்தக் குப்பியைக் கழுவிட்டுத்தான் இருக்கணும்."

"நம்ம வண்டில பின்டயர்ல காத்து குறைஞ்சிருக்கு, கவனிச்சியா?" என்றார் அவர்.

அவள் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

வகுப்பில் அவள் எழுந்து நின்று கதையைச் சொன்னாள். பேச்சு முழுக்க இங்கிலீஷ்தான், நம் வசதிக்குத் தமிழில்.

"ஒருத்திக்குக் கப்பல்ல சமையல் வேலை கிடைக்குது. அவளுக்கு அது ரொம்ப நாள் ஆசை. புருஷன்கிட்டே கேக்கறா. அவன் போன்னும் சொல்லலை, போகாதேன்னும் சொல்லலை. அவ வாயைத் திறந்தா, கூரை ஒழுகுதேம்பான். நாய்க்குச் சோறு வெச்சியாம்பான். கப்பல் கிளம்பற நாள் வந்துடுச்சு."

கூடப் படிக்கும் மருந்துக்கடைக்காரர் கை தூக்கினார். "பாவம், அவன் அடிக்கலை, திட்டலை. நல்ல மனுஷன்தானே?"

அவ்வளவுதான். வக்கீல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யார் நல்ல மனுஷன்? அடிக்கறவனையாவது நம்பலாம் சார். இவன் ஊமைக் குசும்பன். வேண்டாம்னு சொன்னா கெட்ட பேர் வந்துடும். சரின்னு சொல்ல மனசு வராது. கப்பல் தானாக் கிளம்பிப் போயிட்டா, பழி கப்பல் மேல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறான்."

பூசணிக்காயும் சோறும் அப்படியே இங்கிலீஷில் வந்து விழுந்தன. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

"எப்படி சார் அவன் மனசை இவ்வளவு கரெக்டாச் சொல்றீங்க?" என்று கேட்டார் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா.

"படிக்கறதுன்னா சும்மா பக்கத்தைப் புரட்டறதா மேடம்? ஆளை எடை போடணும்."

"அந்தப் பொண்ணு அவளே சொல்லிட்டுக் கிளம்பலாமே? ஏன் அவனையே கேட்டுட்டு நிக்கறா?" டீச்சர் அவரைப் பார்த்தே கேட்டார்.

"அதுதான் எனக்கும் ஆத்திரம். அவ கேக்கக் கேக்கத்தான் அவனுக்கு ராஜா நினைப்பு. பதில் சொல்லத் துப்பில்லாதவன்கிட்டே எதுக்கு அனுமதி? 'வர்றேன்'னு கப்பல்காரனுக்குச் சொல்லிட்டு அப்புறம் இவன்கிட்டே வந்து சொல்லணும். அவன் முகம் போற போக்கை நான் பார்க்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் பேசிய இங்கிலீஷ்தான் இதுவரை அவர் பேசியதிலேயே சிறந்தது என்றார் டீச்சர். கோபம் வந்தால் இலக்கணம் தானாக வருகிறதாம்.

"கடைசில அவ போனாளா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"நான் இன்னும் கடைசி அத்தியாயத்துக்கு வரலை சார்," என்றாள் மனைவி.

வீட்டுக்கு வந்தும் அவருக்கு ஆறவில்லை. செருப்பைக் கழற்றும்போது திட்டினார், முகம் கழுவும்போது திட்டினார். "கல்யாணம் எதுக்குப் பண்ணிக்கறான் இந்த மாதிரி ஆளு? பொண்டாட்டி முன்னேறினா இவனுக்கு எங்கே குத்துது?"

அவள் சமையலறை வாசலில் போனை வைத்துக்கொண்டு என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புத்தகத்தைக் குடு. அந்தப் பயலுக்குக் கடைசில என்ன ஆகுதுன்னு பார்க்காம எனக்குத் தூக்கம் வராது."

"மேஜை மேல இருக்கு. எடுத்துக்குங்க."

கல்யாணமாகி முதல்முறையாக அவர் ஒரு புத்தகத்தைப் பிரித்தார். நடுவில் புரட்டினார். பனி. கயிறு. கூடாரம். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். கப்பலையும் காணோம், கூரையையும் காணோம், நாயையும் காணோம்.

பிரவுன் பேப்பரை உருவி எறிந்துவிட்டுப் பின்னட்டையைப் பார்த்தார். தாடி வைத்த நாலு பேர் ஒரு மலை உச்சியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன இது? இதுல எங்கே அந்தப் புருஷன்?"

"அதுல புருஷனே கிடையாதுங்க," என்றாள் அவள், போனைக் கீழே வைத்தபடி. "நீங்க சொன்னபடியே, கேக்காம 'வர்றேன்'னு பதில் அனுப்பிட்டேன்."