நின்றபடி குடிக்கிற கார்

காரில் ஒரு பழுதும் இல்லை என்று மெக்கானிக் கெய்யோ சொன்னதும் அர்மாஸின் முகம் தொங்கிப்போனது.

ஏதாவது ஒரு பழுது இருக்கட்டும் என்றுதான் மனிதர் இந்தக் குளிர்காலம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தார்.

வாரத்தில் இரண்டு மாலை மட்டும் வெளியே போகிற கார் அது. மனைவி ரைலி பாட்டுக்குழுவுக்கு எடுத்துப் போவாள், திரும்புவாள், அவ்வளவுதான். அதற்கே மொடாக்குடியன் மாதிரி பெட்ரோலைக் குடித்தது.

அர்மாஸ் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். ஏர் ஃபில்டரை மாற்றினார். குளிரில் சூம்பிப்போன டயர்களுக்குக் காற்றடித்தார். கூரைமேல் சும்மா உட்கார்ந்திருந்த பனிச்சறுக்குப் பெட்டியைக் கழற்றினார். அடியில் அட்டையை விரித்து, ஒழுகுகிறதா என்று முழங்காலிட்டு மோந்து பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். முற்றத்துக் கம்பத்திலிருந்து எஞ்சினுக்குச் சூடு கொடுக்கிற ஒயரைக்கூட விடவில்லை; அதையும் சந்தேகப்பட்டு மாற்றினார்.

கார் குடியை விடவில்லை.

கடைசியில்தான் கெய்யோவின் பட்டறை. அவன் கம்ப்யூட்டரைச் செருகி, திரையைப் பார்த்து, தலையைச் சொறிந்தான்.

“ஏம்ப்பா அர்மாஸ், வண்டி ஓடிக் குடிக்கல. நின்னுக்கிட்டே குடிச்சிருக்கு. எஞ்சினைப் போட்டுட்டு யாரோ உள்ள சொகமா உக்காந்திருக்காங்க.”

“யாரோன்னா? ஒருத்தரா, ரெண்டு பேரா?”

“அதச் சொல்ற கம்ப்யூட்டர் இன்னும் வரலப்பா.”

அர்மாஸுக்கு வேறு கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. அவர் மனதில் ஒலாவி வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஒலாவி, வெளியூரிலிருந்து வந்த பாட்டு வாத்தியார். தனிக்கட்டை. இந்த வயதிலும் தலை நிறைய முடி. கழுத்தில் ஒரு நீலச் சால்வை. சொந்தமாக மின்சாரக் கார் வைத்திருக்கிறான், ஒரு சொட்டு பெட்ரோல் குடிக்காது. அடுத்தவன் பெட்ரோலில் குளிர்காய அவனுக்கென்ன வலிக்கும்?

ரைலியும் இப்போதெல்லாம் தாமதமாகத்தான் வருகிறாள். கேட்டால், பயிற்சி நீண்டுவிட்டது என்கிறாள்.

கேட்காமல் விடுகிறவரா அர்மாஸ்? வாயாடிகளுக்குப் பேர்போன சாவோ சீமைக்காரர், வாய் சும்மா இருந்தால் வலிக்கும். அவள் வருகிறவரை சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, காபியைச் சூடாக வைத்துக்கொண்டு காத்திருப்பார். வந்ததும் ஆரம்பிப்பார். யார் யார் வந்தார்கள், யார் யாரோடு பேசினார்கள், வாத்தியார் என்ன சொன்னார், அதற்கு அவள் ஏன் சிரித்தாள்.

அந்த வியாழக்கிழமை மாலை அவர் காத்திருக்கவில்லை. தான் வீட்டில் இருப்பதுபோல் சமையலறை விளக்கை எரியவிட்டார். காலால் உந்தித் தள்ளுகிற பனிவண்டியை எடுத்துக்கொண்டு, பாட்டுக்குழு கூடுகிற மன்றத்துக்குப் போய், விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றார். காது விறைத்தது.

பாட்டு நேரத்துக்கு முடிந்தது.

ஒலாவி எல்லோருக்கும் பொதுவாகக் கையை ஆட்டினான். தன்னுடைய காரில் தனியாக ஏறி, ஏரிப்பக்கமாகப் போய்விட்டான். அர்மாஸுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ரைலியின் கார் வீட்டுப் பக்கமாகத் திரும்பியது.

அவள் முன்னே போய்ச் சேர்ந்திருப்பாளே, என்ன பொய் சொல்வது என்று யோசித்தபடி வண்டியை உந்திக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குத் திரும்புகிற முனையில், தபால்பெட்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில், கார் நின்றிருந்தது. விளக்கு இல்லை. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. புகைக்குழாய்க்கு நேர் கீழே பனி உருகிக் கறுத்துக் குழிந்திருந்தது. ஒரு நாளில் விழுகிற குழி இல்லை அது.

இங்கேதானா?

தபால்பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து எட்டிப் பார்த்தார்.

பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை. பின்னிருக்கையில் ஒருவருமில்லை.

ரைலி இருக்கையைச் சாய்த்துப்போட்டு, கையுறையோடு கைகளைக் கட்டிக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்த திசையில் அர்மாஸும் பார்த்தார். வெளிறிய வயலுக்கு அப்பால் ஒரே ஒரு வெளிச்சம். அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல்.

வெகுநேரம் நின்றார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

பனிவண்டியை அங்கேயே போட்டுவிட்டு, முழங்கால் ஆழப் பனியில் வயலைக் கடந்து, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போனார்.

விளக்கை அணைத்தார்.

பூட்ஸைக் கழற்றி முடிப்பதற்குள் முற்றத்தில் கார் வந்து நின்றது.

படுக்கையறைக்குள் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். சமையலறையில், இருட்டிலேயே, அவள் காபி ஊற்றிக்கொள்ளும் சத்தம். அதோடு மெல்ல ஒரு பாட்டு.

பாட்டுக்குழுவைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் அர்மாஸ். அவள் பாடி மட்டும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு கார் அளவாகக் குடித்தது.

“கடைசியில என்னதான்யா பழுது?” என்று கெய்யோ கேட்டான்.

“விளக்குப்பா. ஒரு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அணைச்சுட்டேன்.”

“விளக்கா அவ்வளவு குடிக்கும்?”

ஊர்க்கதை எதையும் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாத மனிதர், அன்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கெய்யோ இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான், அந்தக் காரில் அது எந்த விளக்கு என்று.