டெல்மர் கேட்ட ஒரே கேள்வி

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அன்னிக்கு என்னை ஏன் கடைசி வரைக்கும் பெஞ்ச்ல உட்கார வச்சீங்க?"

கேட்டது டெல்மர்.

தேசியக் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கத் தலைநகர் தெகுசிகல்பாவில் கூடியிருந்த குழுவில் மூன்றே பேர். தலைவி மிர்த்தா, பதினெட்டு வருடம் ரெஃப்ரியாக விசில் ஊதியவள். அடுத்தவர் துணி ஆலை முதலாளி ரிகோபெர்தோ. மூன்றாவது, நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் டெல்மர்.

எதிரே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கலிக்ஸ்தோ.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், உலகக் கோப்பைக்குப் போக ஒரே ஓர் ஆட்டம்தான் பாக்கி. அன்றைக்கும் பயிற்சியாளர் இதே கலிக்ஸ்தோதான். நாட்டின் நம்பர் ஒன் ஆட்டக்காரனான டெல்மரை அவர் களத்தில் இறக்கவே இல்லை. ஒரு கோலில் தோற்றார்கள்.

அன்றிலிருந்து டெல்மர் தெய்வம். 'அவன் இறங்கியிருந்தா ஜெயிச்சிருப்போம்' என்று பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும். காப்பி விளம்பரத்தில் அவன் முகம், பேட்டைச் சுவரில் அவன் படம். கலிக்ஸ்தோவுக்கோ ரொட்டிக் கடையில்கூட ஏச்சு. மனிதர் ஊரை விட்டே போய், கடற்கரைப் பக்கம் இரண்டாம் டிவிஷன் அணி ஒன்றுக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கிடைத்த ஆட்களை வைத்தே மூன்று வருடத்தில் அதை முதல் டிவிஷனுக்கு ஏற்றியும் விட்டார். அதைப் பார்த்துத்தான் மிர்த்தா அவரைக் கூப்பிட்டாள்.

"அது என் முடிவு. கணக்கு தப்பாப் போச்சு" என்றார் கலிக்ஸ்தோ.

"இதை நாடே நம்பல, வாத்தியாரே. நிஜக் காரணத்தைச் சொல்லுங்க."

'வாத்தியாரே'வுக்கு மட்டும் குறைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டாள் மிர்த்தா.

ரிகோபெர்தோ சிரித்தார். "சொல்லித் தொலைங்க, கலிக்ஸ்தோ. என் ஓட்டு காலையில நேர்காணலுக்கு வந்த அர்ஜென்டினாக்காரருக்கு, அதை ஒளிக்க மாட்டேன். மேடம் உங்க பக்கம். ஆக, டெல்மர் ஓட்டு விழுந்தாதான் உங்களுக்கு வேலை. ஒரு மன்னிப்பாவது கேட்டு வைங்க."

கலிக்ஸ்தோ நிமிர்ந்து டெல்மரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. அதை மென்று விழுங்கினார்.

"கேட்கிறேன். மன்னிச்சிடு தம்பி. தோத்தது என்னாலதான். வேற காரணம் ஒண்ணும் இல்ல."

மிர்த்தாவுக்கு டெல்மர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா?

"போதும் டெல்மர். இது நேர்காணல், கோர்ட் இல்ல."

"இன்னும் ஒரே தடவை, மேடம்." டெல்மர் விடுவதாக இல்லை. "வாத்தியாரே, இந்த வேலை உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்பா. சாகிறதுக்குள்ள ஒரு தடவையாவது நம்ம பசங்களை உலகக் கோப்பைக்குக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு வேற ஆசையே இல்ல."

"அப்ப சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேனே."

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மூவருக்கும் தலையசைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

மிர்த்தா வெடித்தாள். "அறுபத்தாறு வயசு மனுஷனைக் குனியக் குனியக் குட்டியாச்சா? பகை தீர்க்கத்தான் இந்தக் குழுவுக்கு வந்தீங்களா?"

டெல்மர் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க மேடம்" என்று தட்டில் இருந்த பலேயாதா ரொட்டியை ஒரு கடி கடித்தார் ரிகோபெர்தோ. அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். "அர்ஜென்டினாக்காரர் லேப்டாப்பைத் திறந்து என்னமாப் படம் காட்டினார்! இவரால முடியுமா?"

"பதினோரு பேரைக் கட்டி மேய்க்கணும், ரிகோபெர்தோ. சினிமா கொட்டகை நடத்தச் சொல்லல."

ஓட்டை வாயால் சொன்னால் செல்லாது. ஆளுக்கொரு தாளில் பெயரும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டம் முடிந்ததும் தலைவி அவற்றை வாசலுக்குக் கொண்டுபோய், ரேடியோக்காரர்கள் முன்னால் ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். ரகசிய பேரம் என்று நாளைக்கு எவரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதே!

ரிகோபெர்தோ இரண்டு வரியில் முடித்தார். மிர்த்தா கலிக்ஸ்தோவின் பெயரை எழுதிவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அவர் தோற்கப்போகிறார் என்று தெரிந்தே எழுதியது.

டெல்மர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தான். வாசலில் கூடியிருந்த ஜனங்களின் "டெல்மர்! டெல்மர்!" கோஷம் ஜன்னல் வழியாக வந்தது. ஒரு தடவை எழுதுவதை நிறுத்தி அதைக் கேட்டான். பிறகு மறுபடி குனிந்தான்.

ஒருவரைக் கவிழ்க்க இத்தனை வரி வேண்டுமா என்று மிர்த்தாவுக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசியில் தாளை நீட்டினான். 

"ஒரு எழுத்துகூட மாத்தாம வாசிங்க, மேடம்."

வேண்டாவெறுப்பாக வாங்கிப் பிரித்தாள்.

'என் ஓட்டு கலிக்ஸ்தோவுக்கு. அன்று ஆட்டத்துக்கு முன்னால் பயத்தில் வாந்தி எடுத்து, "என்னை இறக்கிடாதீங்க, வெளியிலயும் சொல்லிடாதீங்க வாத்தியாரே" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். இன்றைக்காவது சொல்லிவிடுவார், என் பாரம் இறங்கும் என்று மூன்று முறை கேட்டேன். இந்த வேலைக்காகக்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.'