நகர்ந்த பஸ்

“கேமராவுல பதிவானதப் போட்டுக் காட்டுங்க மேடம். அதப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்.”

தலைமை ஆசிரியை நீட்டிய பேனாவை அவன் தொடக்கூட இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். கோளாறைக் கண்ணால் பார்க்காமல் ‘சரியாயிடுச்சு’ என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவன். சொந்த மகள் விஷயத்தில் மட்டும் விட்டுவிடுவானா?

பக்கத்து நாற்காலியில் சிட்டு, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலாம் வகுப்பு. வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் கூடவே கூட்டி வந்திருந்தான்.

“ஆஸ்பத்திரிச் செலவு எங்களோடதுன்னு சொல்லியாச்சு. இதோட முடிச்சுக்கலாமே சார்” என்றார் தலைமை ஆசிரியை.

“செலவு கெடக்கட்டும் மேடம். எம் பொண்ணு இறங்கறதுக்குள்ள டிரைவர் வண்டிய நகத்தியிருக்காரு. நாளைக்கு இன்னொரு புள்ளைக்கு இதே நடந்தா?”

சுவரோரமாக நின்ற டிரைவர் ஓர் அடி முன்னால் வந்தார். சிட்டு விழுந்த நாளிலிருந்து அவரை யாரும் வண்டி எடுக்க விடவில்லை.

“வண்டி நின்னுக்கிட்டுதான் சார் இருந்துச்சு. அன்னிக்கு ஆயாம்மா லீவு. ஒரு சின்னப் பையனைக் கையப் புடிச்சு ரோட்டத் தாண்டி விட்டுட்டுத் திரும்பறேன், பாப்பா கீழ கெடக்கு. எம் புள்ளைங்க மேல சத்தியம்.”

“அப்ப எம் பொண்ணு பொய் சொல்லுதா?”

டிரைவர் தலைமை ஆசிரியையின் பக்கம் திரும்பினார்.

“சரி. வண்டி நகர்ந்திருந்தா இன்னியோட இவருக்கு இங்க வேலை கிடையாது. போதுமா?” என்றார் தலைமை ஆசிரியை.

“போதும்.”

சிட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வேணாம்ப்பா. வீட்டுக்குப் போலாம்.”

“நீ சும்மா இரு தங்கம். அதான் அப்பா இருக்கேன்ல.”

அவளுக்கு அம்மாவைப் போலவே இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டான்.

கம்ப்யூட்டர் பார்க்கும் ஊழியர் வரத் தாமதமானது. அவன் நாற்காலியில் சாய்ந்தான். ஒரு தகப்பன் செய்ய வேண்டிய எதையும் தான் விட்டுவிடவில்லை என்ற திருப்தி அவனுக்கு இருந்தது.

கூட வேலை செய்யும் நண்பன், சிட்டு விழுந்த அன்றைக்குப் போனிலேயே பாடம் நடத்தியிருந்தான். “வலிக்கலன்னு சொன்னாலும் மொதல்ல டாக்டர்கிட்ட போ. தலையில அடி பட்டிருக்கான்னு பாக்கச் சொல்லு. வீக்கத்தப் போட்டோ எடுத்து வெச்சுக்கோ. பள்ளிக்கூடத்துல எத நீட்டினாலும் கையெழுத்து மட்டும் போட்டுடாத.”

எல்லாவற்றையும் செய்தான். போதாததற்கு, பஸ் படியின் உயரத்தை டேப் வைத்து அளந்துவிட்டும் வந்தான். தொழில் புத்தி போகுமா?

கூடவே லீவும் போட்டான். மனைவி இறந்த பிறகு அவன் போட்ட முதல் லீவு அது. அவள் போனதிலிருந்து அந்த வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. சாயங்காலம் சிட்டு தானே பூட்டைத் திறந்து உள்ளே போவாள். அவன் வேலை முடிந்து வரும்போது பாதி நாள் சோபாவிலேயே தூங்கியிருப்பாள்.

இந்த லீவில்தான் அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டான். ஒரு பின்னல் கிழக்கே பார்த்தால் மற்றது மேற்கே பார்த்தது. கண்ணாடியில் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டான். இப்படிப்பட்ட பிள்ளையை விழ வைத்தவரைச் சும்மா விடுவதா?

ஊழியர் வந்து கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். “பஸ் கதவுக்கு மேல இருக்கற கேமரா சார் இது.”

திரையில் பஸ் அவன் வீட்டெதிரே நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். சின்னப் பையன் ஒருவனைத் தூக்கி இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். அவன் நாற்காலி நுனிக்கு வந்து, இப்போது நகரும், இப்போது நகரும் என்று கண் கொட்டாமல் பார்த்தான்.

சிட்டு மேல்படியில் வந்து நின்றாள். ஜன்னல் வழியே பூட்டிக் கிடந்த வீட்டுக் கதவு தெரிந்தது. அது இருந்த இடத்திலேயே இருந்தது. பஸ் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

சிட்டு பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டிரைவர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். புத்தகப் பையைக் கழற்றி சீட்டில் பத்திரமாக வைத்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மேல்படியிலிருந்து குதித்தாள்.

டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். “விடுங்க சார். சின்னப் புள்ள. ஒண்ணும் கேக்காதீங்க.”

அவன் அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல், மகளின் நாற்காலிக்கு எதிரே மண்டியிட்டான்.

“ஏன் தங்கம்?”

சிட்டு மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா சாப்பாட்டப் பாதியில வெச்சுட்டு ஓடுவியேப்பா... எனக்கு ஏதாவது ஆனா, எங்கிட்டயும் அப்படி ஓடி வருவியான்னு பாத்தேன்.”