அத்தை கொடுத்த பாட்டில்

"தண்ணி கலக்காம அப்படியே தேய்க்கணும் மயிலு. ஒரே மாசத்துல உம் மக எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துடுவா!"

வினிகர் பாட்டிலை மயிலம்மாள் கையில் திணித்துவிட்டு, லால்குடி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள் நாத்தனார் காளியாயி.

மயிலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் வள்ளிக்கண்ணு எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டீச்சர் டிரெயினிங்குக்கு இடமும் வாங்கிவிட்டாள். இந்த நேரம் பார்த்து, "எனக்கு உரிமைப்பட்ட பொண்ணு, என் மகனுக்குத்தான்" என்று நிற்கிறாள் அத்தைக்காரி. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இரும்பை வளைக்கிற அவள் புருஷன் சின்னையாவுக்கோ, அக்கா முன்னால் வாயே எழும்பாது.

"அக்கா கேட்டு நான் எப்படி இல்லேங்கறது? அக்காவே வேணாம்னு சொன்னாதான் உண்டு" என்று கையை விரித்துவிட்டார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்னஸ், பாட்டிலைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது நிறத்தையெல்லாம் மாத்தாதுங்க. ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணியில கலந்து தொடைச்சா, எண்ணெய்ப் பிசுக்கும் அரிப்பும் கொஞ்சம் அடங்கும். அவ்வளவுதான். அப்படியே தேய்ச்சா மூஞ்சி வெந்துடும்!"

வள்ளிக்கண்ணு அக்னஸ் சொன்னபடிதான் செய்தாள். அரிப்பு நின்றது, பருவும் கொஞ்சம் வாடியது. நிறம் மட்டும் பிறந்தபடியே இருந்தது.

பூ வைக்கும் நாளும் வந்தது. மகனோடும் தாம்பாளத்தோடும் வந்து ஜம்மென்று உட்கார்ந்தாள் காளியாயி. தோள் துண்டை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, சின்னையா பவ்வியமாக ஓரத்தில் நின்றார். அந்தக் கோலத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மயிலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வள்ளி, வாம்மா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள் காளியாயி.

வந்தவளைப் பார்த்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நெற்றி, கன்னம், மோவாய் எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்தது.

"ஐயய்யோ! என்னடி இது?"

"நீங்க சொன்ன வைத்தியந்தான் அத்தை. பொட்டுத் தண்ணி கலக்கலை. பகபகன்னு எரியுது."

காளியாயி தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். மகன் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"தப்பா நெனைக்காதே சின்னையா. இது எப்ப ஆறுமோ, என்னமோ... இவனுக்கு நான் வேற எடம் பார்த்துக்கறேன். நீ பொண்ணைப் படிக்கவே அனுப்பிடு!"

தாம்பாளம் வந்த வழியே போனது. சின்னையா பின்னாலேயே வழியனுப்பப் போனார்.

மயிலம்மாள் அழுதுகொண்டே ஈரத்துணியால் மகள் முகத்தை ஒற்றினாள். துணி சிவந்தது. உள்ளேயிருந்து அதே பழைய முகம், அதே கறுப்பும் களையுமாக வெளியே வந்தது.

"பீட்ரூட் சாறும்மா!" வள்ளிக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தாள்.

மயிலம்மாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த நொடியே பகீரென்றது. "அடிப்பாவி! உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவாரே!"

திரும்பினால், வாசற்படியில் சின்னையா.

"சோப்புப் போட்டும் போகலைடி. அக்கா குடுத்த வினிகர்ல மிச்சம் இருந்தா கொண்டா" என்று கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். பத்து விரலும் செக்கச்செவேலென்று இருந்தன.