அழுகுணி அரக்கன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஒரு வீடியோ கேமின் கடைசிக் கட்டத்தில், தண்டாயுதம் ஏந்திய அரக்கன் ஒருவன் வாசல் காத்தான். அடிப்பதற்கு முன் ஒருமுறை உறுமுவது அவன் வழக்கம். கேம் ஆடிய நிறைமதி முதலில் அடி வாங்கிச் செத்துக்கொண்டே இருந்தாள். பிறகு உறுமல் கேட்டதும் விலகி, திருப்பி அடிக்கப் பழகினாள். செத்தாலும் சிரித்துக்கொண்டே திரும்ப வந்தாள்.

இன்னும் ஓர் அடி விழுந்தால் அரக்கன் தீர்ந்தான். அப்போது பக்கத்தில் ஆளை விழுங்கக் காத்திருந்த பொறிக்குழி கேலி செய்தது.

“என்ன அண்ணே, இந்த உதை வாங்குறீங்க? நான் என்ன, சொல்லிட்டா வாயைத் திறக்குறேன்?”

“உறுமாம அடிச்சா அவ எப்படிடா தப்பிப்பா?”

“அதைத்தானே சொல்றேன்!”

அரக்கனுக்கு உயிர் மேல் ஆசை. உறுமாமல் அடித்தான். நிறைமதி செத்தாள். மறுபடி வந்தாள், மறுபடியும் அப்படியே செத்தாள்.

“சீ, அழுகுணி ஆட்டம்!” என்று கேமை அணைத்துவிட்டுப் போனாள்.

உள்ளே கும்மிருட்டு.

“ஜெயிச்சுட்டீங்க அண்ணே!” என்று கூவியது குழி.

அரக்கன் இருட்டைப் பார்த்து மெதுவாக உறுமினான். விலகுவதற்கு எதிரே யாருமில்லை.