இருமல் வரும் இடம்

பாட்டின் நடுவே பாடகர் இருமியதும் கோமளாவின் கால் தையல் மிஷின் பெடலில் அப்படியே நின்றுவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக அவள் காதில் ஓடியதெல்லாம் அவளுக்கென்றே இயந்திரம் சமைத்துத் தந்த பாட்டுகள். எதிலும் ஒரு பிசிறு இருந்ததில்லை. இருமுகிறார் என்றால் மனிதரல்லவா!

"கேளு புள்ள, இது நெசமாலுமே ஆளு பாடுனது!" என்று பக்கத்து மிஷின்காரியின் காதிலும் ஹெட்போனை மாட்டிவிட்டாள். அந்த இடத்தை மட்டும் அன்று நாற்பது தடவை கேட்டாள். அதே குரலில் வாரம் ஒரு புதுப்பாட்டு வந்தது. இருமலும் வாரத்துக்கு வாரம் கூடியது.

பாடகர் இருதயராஜின் முகவரியைத் தேடிப் பிடித்து, தன் கையால் தைத்த சட்டையோடு தூத்துக்குடிக்குப் போனாள். அவர் மனைவி பிலோமினா கதவைத் திறந்தாள்.

"அவுக தவறி ரெண்டு வருசமாச்சும்மா. நெஞ்சுல சீக்கு. குரலைப் பாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டுப் போனாக. இப்பப் பாடுறது மிஷினு."

"அப்ப அந்த இருமல்?"

"கடைசிப் பாட்டுல ஒரே ஒரு தடவை இருமுனாக. சனங்க அந்த இடத்தையே திருப்பித் திருப்பிக் கேக்குதாம். கேக்கக் கேக்க மிஷினு இன்னும் இருமலைச் சேக்குதாம்." பிலோமினா சட்டையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "உசுரோட இருந்தப்பகூட அவுக இம்புட்டு இருமுனதில்லம்மா."

கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் கோமளா இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார்.