சும்மா இருக்காத கை

“ஒரு மணி நேரம் கைய அடக்கிக்கடா. அந்தப் பழக்கம் தெரிஞ்சா இவங்களும் போயிட்டு வாங்கன்னுடுவாங்க” என்று மகன் காதில் முணுமுணுத்தாள் சௌந்தரவல்லி. காரைக்காலில் பஸ் ஏறும்போதே அவன் சட்டைப் பையைத் தடவி, உள்ளே இருந்ததைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

இளையபெருமாளுக்கு முப்பத்திரண்டு வயது. மில்லில் கணக்கர் வேலை. திருநள்ளாற்றுப் பெண் வீட்டில் விஷயம் தெரிந்து, சிரித்தே அனுப்பிவிட்டார்கள். இப்போது இந்த விழிதியூர் அல்லி காபி கொண்டுவந்ததும் அவனுக்குப் பிடித்துப்போனது. அதனால் பயம் இரட்டித்தது.

“தம்பிக்குச் சிகரெட்டு உண்டா?” என்றார் பெண்ணின் அப்பா பூமிநாதன். வரப்புத் தகராறில் அவர் தொண்டையைச் செருமினால் ஊரே அடங்கும். அப்படி ஒரு மீசை.

“சேச்சே!” என்று அம்மா முந்திக்கொண்டாள்.

“சாராயம்? உங்க ஊர்ல தெருவுக்குத் தெரு கடையாச்சே.”

“எம் மவனுக்கு அந்த வாடையே ஆகாதுங்க” என்றாள் சௌந்தரவல்லி, கண் இமைக்காமல்.

பெண்ணின் அம்மா காசியம்மா பேச்சை மாற்றினாள். “ரேடியோ மேல விரிச்சிருக்கிற லேஸப் பாத்தீங்களா சம்பந்தி? குரோஷா ஊசியில போட்டது. எல்லாம் எங்க அல்லி கைவேல.”

அல்லி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பூமிநாதன் மீசையை நீவியபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இளையபெருமாளின் விரல்கள் துடித்தன. அம்மா தொடையில் கிள்ளினாள். பலனில்லை.

“மூணாவது சுத்துல கண்ணிக்குக் கண்ணி ஒரு சங்கிலி கொறையுதுங்க. அதான் படியாம கிண்ணம் மாதிரி குழியுது” என்று சொல்லிவிட்டான்.

காசியம்மா திகைத்தாள். “இதெல்லாம் மாப்பிள்ளைக்கு எப்படி...?”

“நானும் போடுவேங்க. என் ஊசியும் நூல்கண்டும் அம்மா பையிலதான் இருக்கு.”

சௌந்தரவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இனிச் சிரிப்பார்கள். திரும்பிப் போக அடுத்த பஸ் எப்போது என்று அவன் யோசிக்க ஆரம்பித்தான்.

முதலில் சிரித்தது அல்லிதான். ஆனால் அவனைப் பார்த்து அல்ல, அப்பாவின் மீசையைப் பார்த்து.

“பாத்தியாப்பா? பிரிச்சுப் போடுன்னு அப்பவே சொன்னேன்ல!”